மூச்சு கொண்டுவரும் செய்தி

2021-ம் ஆண்டு மே மாதத்தில் ஒன்பது நாட்கள் எங்கள் வீட்டில் மாலை ஐந்து மணிக்கு யாரும் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வரும் நேரம் அது. உள்ளே அப்பா வெண்டிலேட்டரில் இருந்தார். தொற்றுநோய் ஆகையால் எவரும் அருகே போகக்கூடாது. ஈஜிபுராவில் ஒடுங்கிய சந்து ஒன்றில், ஓர் அறையும் சமையற்கட்டுமாக உள்ள எங்கள் குடியிருப்பில், அம்மாவும் தங்கையும் நானும் தொலைபேசியை நடுவில் வைத்து உட்கார்ந்திருப்போம். மணி அடிக்கும். மறுமுனையில் இளம் டாக்டர் ஒருவர் களைத்த குரலில், ஆங்கிலமும் கன்னடமுமாகச் சொல்லுவார்: ஆக்ஸிஜன் இவ்வளவு சதவீதம், அழுத்தம் இவ்வளவு, ஒரு மூச்சின் அளவு இவ்வளவு. நான் பழைய கணக்கு நோட்டில் குறித்துக்கொள்வேன். அம்மா எட்டிப் பார்த்து, "கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" என்று கேட்பாள். எது கூடினால் நல்லது, எது குறைந்தால் நல்லது என்பது அவளுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் அன்று எனக்கும் தெரியாது. "நேத்து மாதிரியே இருக்கும்மா" என்பேன். அது பொய்யில்லை. எட்டு நாளும் எண்கள் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தன. ஒன்பதாம் நாள் தொலைபேசி ஐந்து மணிக்கு முன்னதாகவே வந்துவிட்டது.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எம்.எஸ்சி. பௌதிக வகுப்பில் ஆய்வுக்கு ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளும்படி பேராசிரியர் சொன்னபோது நான் அதைத்தான் எடுத்துப் பார்த்தேன். ஒரு மனிதரின் நுரையீரல் உள்ளே மெல்ல அழிந்துகொண்டிருக்க, வெளியே மூன்று எண்களும் எப்படி அசையாமல் நிற்க முடிந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனவன், வேறொரு பொருளில் வந்து நின்றேன்: வெண்டிலேட்டரில் இருப்பவர் வெளிவிடும் மூச்சிலுள்ள நுண்துகள்களை எண்ணி, நுரையீரலின் நிலையை அறியும் முறை. விடுதி நண்பர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். "மூச்சிலே ஏதப்பா துகள்? அது காற்றல்லவா?" என்றான் ஒருவன். நியாயமான கேள்விதான். ஆனால் முதலில் யந்திரத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாகவேண்டும்.

நாம் இயல்பாக மூச்சு வாங்கும்போது விலாவும் உதரவிதானமும் விரிந்து காற்றை உள்ளே இழுக்கின்றன. வெண்டிலேட்டர் இழுப்பதில்லை, கொல்லன் துருத்தியைப்போல் வெளியிலிருந்து தள்ளுகிறது. இந்தத் தள்ளும் முறையை உலகுக்குப் பெரிய அளவில் காட்டியவர்கள் மாணவர்கள் என்பதை நம் மலரில் சொல்ல எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. 1952-ம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களில் பத்துக்கு எட்டொன்பது பேர் இறந்துகொண்டிருந்தனர். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் பிசைந்து காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். ஆனால் மற்ற நோயாளிகளுக்குப் பை பிசைய யார் இருக்கிறார்கள்? மருத்துவ மாணவர்களை அழைத்தனர். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலுமாக, மாதக்கணக்கில் நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பை பிசைந்தார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேதான் பிறந்தது என்பர்.

அந்த மாணவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஓர் ஆறு மணி நேரம் ஒருவருடைய நுரையீரலைக் கையிலேயே வைத்திருந்தவனுக்கு, அது இறுகுவதும் இளகுவதும் விரலிலேயே தெரிந்திருக்கும் அன்றோ? பின்னால் யந்திரம் வந்தது. கை போயிற்று, அந்த இடத்தில் எண் வந்தது.

யந்திரம் உயிர் காக்கிறது. அதே யந்திரம் நுரையீரலைப் புண்படுத்தவும் செய்யும். 2000-ம் ஆண்டில் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பல சேர்ந்து 861 நோயாளிகளிடம் நடத்திய சோதனை இதனை ஐயமின்றிக் காட்டிற்று. கடுமையான நுரையீரல் வீக்கம் உடையவர்களுக்கு அதுவரை ஒவ்வொரு மூச்சுக்கும், அவர்கள் உயரத்திற்குரிய உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லி லிட்டர் என்ற கணக்கில் காற்றைத் தள்ளும் வழக்கம் இருந்தது. அதைப் பாதியாக, 6 மில்லி லிட்டராகக் குறைத்தார்கள். 12 பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தனர். 6 பெற்றவர்களில் 31 சதவீதம். மருந்து புதிதில்லை, யந்திரம் புதிதில்லை. தள்ளுவதை மென்மையாகத் தள்ளினார்கள், அவ்வளவே. அன்றுமுதல் டாக்டர்கள் மென்மையாகவே தள்ள முயல்கிறார்கள். ஆனால் இந்த ஒரு நோயாளிக்கு, இந்த ஒரு மணி நேரத்தில், எது மென்மை என்பதை எப்படி அறிவது? எக்ஸ்ரே எப்போதோ ஒரு முறை எடுக்கலாம். மற்ற நேரமெல்லாம் அழுத்தமும் அளவும்தான் வழிகாட்டி.

அந்த எண்கள் ஏன் அசையவில்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாக. இப்படிச் சுமார் 23 முறை. (என் வயதும் 23. அதனால் இந்த எண்ணை மட்டும் தேர்வில் நான் மறப்பதில்லை.) முடிவில் கோடிக்கணக்கான காற்றறைகள். நடுவே, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள சிறுகுழல்கள் ஆயிரமாயிரம். போளூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். மதகிலிருந்து புறப்படும் நீர் பெரிய வாய்க்காலில் வந்து, சிறு வாய்க்கால்களாகப் பிரிந்து, கழனிதோறும் பாய்கிறது. பெரிய வாய்க்காலில் ஒரு மரம் விழுந்தால் மதகடியில் நிற்பவனுக்கு உடனே தெரியும். கடைசிக் கழனிகளில் ஒரு நூறு மடைகள் சேறடைத்துப் போனால்? மற்ற மடைகளில் நீர் போய்விடும். மதகடியில் ஒன்றும் தெரியாது. பயிர் காய்ந்த பிறகுதான் தெரியும். நுரையீரலின் சிறுகுழல்களும் அப்படியே. அவை எண்ணிக்கையில் மிகுதி ஆகையால், மொத்தத் தடையில் அவற்றின் பங்கு மிகச் சிறிது. அந்தப் பகுதிக்கு மருத்துவர்கள் 'அமைதி மண்டலம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நோய் முதலில் நுழைவதோ பெரும்பாலும் அங்கேதான். நாங்கள் தொலைபேசியில் கேட்ட எண்கள் மதகடிக் கணக்கு.

இனி நண்பனுடைய கேள்விக்கு வருவோம். சிறுகுழல்களின் உட்சுவரில் மெல்லிய ஈரப்படலம் ஒன்று படிந்திருக்கிறது. நாம் மூச்சை நன்றாக வெளியே விடும்போது அவற்றுள் பல சுருங்கி மூடிக்கொள்கின்றன. இருபுறத்து ஈரமும் ஒட்டிக்கொள்கிறது. மீண்டும் மூச்சு வாங்கும்போது குழல் திறக்க, படலம் இழுபட்டு, மெலிந்து, உடைகிறது. திருவிழாக் கடையில் குழந்தைகள் வளையத்தைச் சோப்புநீரில் தோய்த்து ஊதுவார்கள். அந்தப் படலம் உடையும்போது முகத்தில் சில்லென்று தெறிக்கிறதே, அதே காரியம் நெஞ்சுக்குள்ளே கண்ணுக்கெட்டாத அளவில் ஓயாமல் நடக்கிறது. தெறித்த துளிகள் காற்றோடு உள்ளே போய், அடுத்த மூச்சில் வெளியே வருகின்றன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்துளிகளில் பல அதற்கும் சிறியவை. ஆயினும் ஒவ்வொன்றும் அது பிறந்த இடத்தின் மண்ணைக் காலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. காற்றறைகள் ஒட்டிக்கொண்டுவிடாமல் காக்கும் கொழுப்புப் பொருளும், அதனோடு சேர்ந்த புரதங்களும் அவற்றில் இருக்கின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதற்கு அந்தப் பொருளின் குறைவே காரணம் என்று மேரி எல்லன் ஏவரியும் ஜீர் மீடும் 1959-ம் ஆண்டில் கண்டறிந்தார்கள்.

துளிகளைப் பிடித்து எண்ணும் முறையை வகுத்தவர்கள் சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரத்து விஞ்ஞானிகள். மூச்சை அடிவரை வெளியே விட்டுப் பிறகு இழுத்து விட்டால் துளிகள் பல மடங்கு பெருகுகின்றன என்று 2010-ல் அவர்கள் வெளியிட்டார்கள். குழல் மூடித் திறப்பதே துளிக்குப் பிறப்பிடம் என்பதற்கு அது நல்ல சான்று. பத்தாண்டு கழித்து உலகமே மூச்சுத்துளி என்ற சொல்லைக் கேட்டு நடுங்கியது. நோயைச் சுமந்து வருவதும் இதே இனந்தான்.

எங்கள் துறையில் சாலைப் புழுதியை அளக்கும் சிறு கருவி ஒன்று இருந்தது. லேசர் ஒளிக்குக் குறுக்கே துகள் ஒன்று போனால் ஒளி சிதறும். அந்த மின்னலை எண்ணினால் எண்ணிக்கை, மின்னலின் பிரகாசத்தைப் பார்த்தால் பருமன். பெங்களூரில் இருந்துகொண்டு ஒளிச்சிதறல் என்றதும் இராமன் நினைவு வருவது இயல்பு. ஆனால் அவர் கண்டது சிதறும்போது நிறம் மாறுகின்ற ஒளி. இங்கே நிறம் மாறுவதில்லை, திசைதான் மாறுகிறது. பேராசிரியர் அனுமதியுடன் கருவியை ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். புதிதாகக் கருவி கிடைத்தவனுக்குத் திங்கட்கிழமை வரை பொறுமை ஏது?

அந்தச் சோதனையின் கதி சிரிப்புக்கிடமாயிற்று. அமைதியாக மூச்சுவிடும் மனிதனின் ஒரு கன சென்டிமீட்டர் மூச்சில் சராசரியாக ஒரு துகள்கூட இராது. நகரத்துக் காற்றிலோ அதே அளவில் நூற்றுக்கணக்கான துகள்கள். ஈஜிபுராவைப் பற்றிச் சொல்லவேண்டுமா? 2017-ல் தொடங்கிய மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் நின்றும் நடந்தும் வந்த சாலை எங்கள் சந்துக்குப் பக்கத்தில்தான். நான் ஊதினாலும் கருவி அதே எண். ஊதாவிட்டாலும் அதே எண். திருவிழாக் கூட்டத்தில் கொசுவின் பாட்டைக் கேட்கப் போனவன் கதைதான். போதாக்குறைக்கு, காலை வியாபாரத்துக்காக அம்மா இட்லிக் கொப்பரையைத் திறந்தாள். எண் எங்கோ ஏறிப் பறந்தது. "என்னடா கண்ணு, இட்லிக்கும் நோவா?" என்று கேட்டாள். ஆவி குளிர்ந்து உண்டான நீர்த்துளிகளையும் கருவி துகளென்றே எண்ணிவிட்டது.

ஆனால் அந்த ஒரு நாளில் கற்றது மூன்று புத்தகத்துக்குச் சமம். மூச்சுத்துளியை எண்ணவேண்டுமானால் முதலில் துகளில்லாத காற்றைச் சுவாசிக்கக் கொடுக்கவேண்டும். இரண்டாவது, மூச்சின் ஈரம் வழியில் குளிர்ந்து புதுத்துளியாகிவிடாதபடி குழாயையும் பெட்டியையும் உடற்சூட்டளவில் வைத்திருக்கவேண்டும்; சுவீடன் கருவி 36 டிகிரியில் வைக்கப்படுவது இதற்காகவே. வெண்டிலேட்டரை எண்ணிப் பாருங்கள். அது கொடுக்கும் காற்று முன்பே வடிகட்டியது. உள்ளே போகும் குழாய் ஒன்று, வெளியே வரும் குழாய் வேறு. வருவதில் ஒரு கருவியைப் பொருத்திவிட்டால் நோயாளியை எதற்கும் தொந்தரவு செய்யவேண்டியதில்லை. ஊதச் சொல்லவும் வேண்டாம். மயக்கத்தில் இருப்பவருடைய நுரையீரலும் மூச்சுக்கு மூச்சு செய்தி சொல்லும்.

இதைத்தான் சுவீடனிலேயே லுண்ட் நகரில் டாக்டர் சான்ட்ரா லின்ட்ஸ்டெட்டும் அவருடைய குழுவினரும் செய்தார்கள். முதலில் பன்றிகளிடம், மனிதரின் நுரையீரலுக்குப் பன்றியினுடையது நெருங்கியது. பாக்டீரிய நஞ்சு ஒன்றைச் செலுத்தி நுரையீரல் வீக்கத்தை உண்டாக்கிப் பார்த்தபோது, நோயின் வழக்கமான அறிகுறிகள் தென்படுவதற்கு முன்னதாகவே மூச்சுத்துகள்களின் எண்ணிக்கை ஏறியது. இது 2020-ல் வெளிவந்த செய்தி. அந்தக் கட்டுரையை நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவன், 'முன்னதாகவே' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

2021-ல் மனிதர்களிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. இருதய அறுவைக்குப் பின் வெண்டிலேட்டரில் இருந்த 30 நோயாளிகள். யந்திரம் காற்றைத் தள்ளும் முறைகள் பலவுண்டு. அளவை நிர்ணயித்துத் தள்ளுவது, அழுத்தத்தை நிர்ணயித்துத் தள்ளுவது, இரண்டையும் கலந்து தானே சரிசெய்துகொள்வது, நோயாளி இழுக்கும்போது துணை மட்டும் செய்வது என்று. ஒவ்வொரு முறைக்கும் துகள்களின் வரவு வெவ்வேறாக இருந்தது. கைரேகை போல என்று அவர்களே எழுதுகிறார்கள். கலப்பு முறையில் மிகக் குறைவு. அது மென்மையான முறையாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நோயாளி தானாக மூச்சு வாங்கத் தொடங்கும்போதோ மிக அதிகம்! இங்கே நான் முதலில் குழம்பினேன். கூடினால் தீமை என்று மனத்தில் எழுதி வைத்திருந்தேன், குணமாகிறவருக்குக் கூடுகிறதே? யந்திரம் தள்ளும்போது எட்டாத ஆழத்துக் குழல்களை உதரவிதானம் இழுத்துத் திறக்கிறது, அதனால் கூடுகிறது என்று அவர்கள் விளக்குகிறார்கள். ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்த நிலையில், எந்தப் பருமனில், எந்த முறையின்கீழ் என்று சேர்த்துப் படிக்கவேண்டும். வெறும் எண்ணை நம்பி எட்டு நாள் இருந்தவன் நான். இன்னோர் எண்ணை அதேபோல் நம்பிவிடக்கூடாதென்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவேண்டியிருக்கிறது.

நம் பக்கத்திலும் வேலை நடக்காமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மகேஷ் பஞ்சாக்னுலாவின் குழு 2020-ல் இதன் மறுபாதியை ஆராய்ந்தது: வெளியிலிருந்து போகும் துளிகள் ஆழத்தில் எப்படிப் படிகின்றன என்பதை. சிறுகுழல் பருமனுள்ள நுண்குழாய்களில், ஒளிரும் பொருள் கலந்த துளிகளைச் செலுத்திப் பார்த்தார்கள். மூச்சு மெதுவானால், துளி உள்ளே தங்கும் நேரம் கூடி, படிவதும் கூடுகிறது. யந்திரம் செய்வதில் நம் பெங்களூர் பின்வாங்கவில்லை. அதே ஆண்டில் பாரத் எலக்ட்ரானிக்ஸ், மைசூர் ஸ்கேன்ரே நிறுவனத்தின் வடிவமைப்பை வைத்து 30,000 வெண்டிலேட்டர் செய்யும் பொறுப்பை ஏற்றது. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உள்நாட்டுப் பாகங்களைக் கொண்டே ஒன்றை வடிவமைத்தார்கள். எல்லாம் காற்றை உள்ளே அனுப்பும் பக்கத்தில்.

வெளியே வரும் பக்கத்தில் என்ன இருந்தது? ஒரு வடிகட்டி. செவிலியரையும் டாக்டர்களையும் காக்க அது அவசியம். அதில் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நினைத்துப் பார்க்கிறேன். நாற்பது வயது தொட்டு வீடுவீடாகச் சுவரைத் தேய்த்துப் பட்டி பார்த்து வர்ணம் அடித்தவர் அப்பா. அவருடைய நெஞ்சின் ஆழத்திலிருந்து ஒன்பது நாட்கள் மூச்சுக்கு மூச்சு புறப்பட்ட துளிகள் எல்லாம் அந்த வடிகட்டியின் தாளில் படிந்தன. பிறகு அதைக் கழற்றி, மஞ்சள் பையில் கட்டி, எரிக்க அனுப்பியிருப்பார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டவள், "அந்த மிஷின் அப்ப இருந்திருந்தா அப்பா பொழைச்சிருப்பாரா?" என்றாள். தெரியும், இந்தக் கேள்விதான் வரும் என்று. சொல்ல முடியாதும்மா என்றேன். பன்றி வேறு, அப்பா வேறு. அந்த 30 பேரும் நுரையீரல் நோய் இல்லாதவர்கள். முன்னதாகத் தெரிந்திருந்தாலும் அந்த மே மாதத்தில் கையில் என்ன வைத்தியம் இருந்தது? அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "பொழைக்கலேன்னாலும் தெரிஞ்சிருக்கும்ல. நேத்து மாதிரியேன்னு நெனச்சிட்டு நான் எட்டு நாளும் தூங்கினேன்டா" என்றாள்.

இரண்டு மாத முயற்சியில் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெட்டி தயாராயிற்று. வடிகட்டிய காற்று, சூடேற்றிய குழாய், அதன் முனையில் அந்தப் பழைய புழுதிக் கருவி. நானே பலமுறை ஊதிப் பார்த்தேன். சாதாரண மூச்சுக்கும், அடிவரை விட்டு, மூன்று வினாடி நிறுத்தி, இழுத்து விடும் மூச்சுக்கும் ஏறத்தாழ ஐந்து மடங்கு வித்தியாசம் வந்தது. கோத்தன்பர்க்கில் நிகழ்ந்தது இங்கும் நிகழ்ந்தபோது உண்டான மகிழ்ச்சியை அளக்கக் கருவியில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டு அம்மாவை அழைத்துப் போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூக்கில் கிளிப்பை மாட்டியதும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்; இரண்டு முறை கழற்றி மாட்டவேண்டியிருந்தது. சுத்தக் காற்றில் நாலைந்து மூச்சு விட்டதும் வெளிப்புழுதி எல்லாம் கழிந்து திரையில் எண் தரைமட்டத்துக்கு வந்தது. "இப்ப அடிவயிறு ஒட்டுற வரைக்கும் விடும்மா. நிறுத்து. இழு. விடு." திரையில் எண் ஏறத் தொடங்கியது.

அம்மா குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

"கூடியிருக்கும்மா" என்றேன். "இதுக்குக் கூடத்தான் வேணும்."

பழைய கணக்கு நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மே மாதப் பக்கத்தைத் தள்ளி, அடுத்த பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அம்மா இன்னொரு தரம் ஊதுகிறேன் என்றாள்.